முரசுப் பாறையில் ஒற்றை நடை

டிராகனுக்குக் காது கிடையாது. தாடையைப் பாறைமேல் கிடத்திக்கொண்டு, நிலத்தின் வழியாகவே அது கேட்கிறது. பள்ளத்தாக்கின் மறுகோடியில் ஒரு மான் மேய்ந்தாலும், அது நொண்டி மானா, சினை மானா என்பது வரை அந்தத் தாடையெலும்புக்குத் தெரிந்துவிடும். ஆகையால் எங்கள் வடமலைப் பக்கத்தில் டிராகன் வேட்டைக்குப் போகிறவர்கள், ஈட்டி பிடிக்கப் பழகுவதற்கு முன்னால் நடக்கப் பழகுகிறார்கள்.

அந்த நடைக்கு ஒற்றை நடை என்று பெயர். எத்தனை பேர் போனாலும் எல்லார் காலும் ஒரே கணத்தில் உயர்ந்து ஒரே கணத்தில் தரையைத் தொட வேண்டும். படுத்திருக்கும் டிராகனுக்கு, ஏதோ ஒரு விலங்கு தனியாக வழிதவறி வருவதாகத் தோன்றும். ஒரே ஓர் இரைக்காக எழுந்து நிற்க அதற்குச் சோம்பல். தானாக வாய்க்கு அருகில் வரட்டும் என்று கிடந்த கிடையில் காத்திருக்கும். அந்தச் சோம்பலில்தான் வேட்டைக்காரர்களின் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது.

ஸிக்னாவின் குழு இந்த நடையில் பேர்போனது. தலைவி ஸிக்னா உயரமானவள். தேவைக்கு மேல் பேசாதவள். ஈட்டிக்காரன் ஓர்முக்கு அகன்ற தோள், அடங்காத வாய். கேடயம் தாங்குபவன் எய்வின், எல்லாரிடமும் இணக்கமானவன். மூவரும் ஓடைக்குத் தண்ணீர் எடுக்கப் போனாலும்கூட அவர்களுடைய கால்கள் தாமாகவே ஒன்றுகூடிவிடும்.

நான்காவதாக அந்த இலையுதிர் காலத்தில் வந்து சேர்ந்தவர் தாக்ரி. குள்ளர் இனத்தவர், மான் வேட்டைக்காரர். அவர் நிமிர்ந்து நின்றால் உச்சந்தலை ஓர்முடைய இடுப்புப் பட்டையைத் தொடும். வயதில் மற்ற மூவருடைய தந்தையருக்கும் மூத்தவர்.

தாக்ரியின் ஊர் குரோவல். மலையைக் குடைந்து கட்டிய அந்த ஊருக்கு ஒரே வாசல்; கணவாயின் முடிவில் ஒரு கல்கதவு. அவர் மான் தேடி வெளியே போயிருந்த சமயத்தில் சாம்பலி என்ற கிழட்டுப் பெண் டிராகன் வந்து, உலைகளின் சூட்டால் எப்போதும் கதகதப்பாக இருக்கும் அந்தக் கதவோடு ஒட்டிப் படுத்துக்கொண்டது. உள்ளே இருந்தவர்கள் வெளியே வர வழியில்லை. தாழ்நிலத்திலிருந்து போக வேண்டிய குளிர்காலத் தானியம் கணவாயின் இந்தப் பக்கத்திலேயே மூட்டை மூட்டையாகக் கிடந்தது. வெளியே அகப்பட்டுக்கொண்ட ஒரே குரோவல்காரர் தாக்ரிதான். அவர் மனைவி மேரா கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தாள்.

குழுவின் முகாமிலிருந்து பார்த்தால் குரோவலின் புகைத்துளைகள் தெரியும். வழக்கமாக மலையுச்சியில் காடு முளைத்ததுபோல் புகை எழும். இப்போது அந்தக் காடு நாளுக்கு நாள் மெலிந்துவந்தது. மக்கள் அடுப்புகளை ஒன்றுசேர்த்துக்கொண்டு, இருக்கிற மாவைப் பகிர்ந்து பொங்குகிறார்கள் என்று அதற்குப் பொருள். தாக்ரி காலையில் எழுந்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

குழுவுக்கும் அவர் தேவைப்பட்டார். டிராகனின் தாடைக்கடியில், கழுத்து தொடங்கும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குச் செதில் கிடையாது. அது தலையைத் தூக்கும் ஒரு கணத்தில்தான் அந்த இடம் வெளிப்படும். நெட்டையர்கள் குனிந்து நுழைவதற்குள் கணம் கடந்துவிடும். முன்பு அந்த வேலையைச் செய்தவன் போன வேட்டையின் நெருப்பிலிருந்து திரும்பவில்லை. தாக்ரியோ நின்ற நிலையிலேயே அந்தத் தாடைக்குக் கீழே நிற்கக்கூடியவர்.

ஆனால் அவரால் ஒற்றை நடை நடக்க முடியவில்லை.

"பெருசு, நடக்கறது நீ ஒருத்தனா, இல்ல ரெண்டு பேரா?" என்றான் ஓர்ம். "நாங்க ஒரு தடவை கால் வெச்சா நீ ரெண்டு தடவை வெக்கிற."

"தம்பி, உங்கப்பன் தொட்டில்ல கெடந்தப்பவே நான் மான் அடிச்சுக்கிட்டிருந்தவன்."

"அப்பவும் இதே உசரந்தானா?"

எய்வின் சிரிப்பை அடக்க இருமினான். தாக்ரியும் சிரித்தார். பிறகு மறுபடியும் வரிசையில் போய் நின்றார். காலை எட்டி வைத்துப் பார்த்தார், தாவிப் பார்த்தார், இரண்டுமுறை ஓடைக்குள் விழுந்தார். ஓர்ம் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டும் நடந்து பார்த்தான். தரையில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த ஸிக்னா தலையை அசைத்தாள்.

"ஓர்ம் காலு மட்டும் கனமா விழுது. நொண்டி மாடு வர்ற மாதிரி இருக்கு. நொண்டி மாடுன்னா அவளே எந்திரிச்சு வந்து சாப்பிட்டுட்டுப் போயிடுவா."

"மாடுன்னு சொன்னது என்னையா?" என்றான் ஓர்ம்.

"நொண்டின்னு சொன்னதுக்கு நீ கோவப்படலியே" என்றார் தோள்மேலிருந்த தாக்ரி.

ஸிக்னா சிரிக்கவில்லை. "பெரியவரே, நடையில சேர முடியாதவங்க முகாம்ல இருக்கணும். அது எங்க குழுவோட வழக்கம். உங்களுக்காக மூணு பேரை எரிய விட முடியாது."

தாக்ரி மலையுச்சியைப் பார்த்தார். பிறகு கோடரியை எடுத்துக்கொண்டு வெண்பட்டைப் பூர்ச்ச மரங்களின் பக்கம் போனார்.

அவர் செய்துகொண்டு வந்தவை இரண்டு கட்டைக்கால்கள். மேலே பாதம் வைக்கப் பலகை, அடியில் சத்தம் எழாதபடி மான்தோல் மடிப்புகள். டிராகனின் அருகில் போனதும் ஒரே இழுப்பில் அவிழும்படி முடிச்சிட்டு, அவற்றைக் காலோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தபோது, வாழ்க்கையில் முதன்முறையாக ஓர்முடைய முகத்தை நேருக்கு நேர் பார்த்தார்.

"மேலேருந்து பாத்தா நீ இன்னும் அசிங்கமா இருக்கே தம்பி" என்று சொல்லி முடிப்பதற்குள் குப்புற விழுந்தார்.

விழுவதும் எழுவதும்தான் பிறகு அவருடைய நாட்கள். தாடியில் பனி ஒட்டியிருக்கும்; முழங்கால்களில் இரத்தம் உறைந்திருக்கும். எய்வின் கை கொடுக்க வந்தால் வேண்டாம் என்று தலையசைப்பார். முதல் பனி நிலைத்து நின்ற காலையில் நால்வரும் முகாமைச் சுற்றி நடந்தார்கள். ஸிக்னா பாதியில் விலகித் தரையில் காதை வைத்தாள். வெகுநேரம் கேட்டாள். மற்ற மூவருடைய காலடியும் ஒரே ஓசையாக வந்தது.

"போகலாம்" என்றாள்.

கணவாய்க்குள் அவர்கள் நுழைந்தபோது சூரியன் பாறை விளிம்பைத் தொட்டிருந்தது. ஸிக்னா முன்னால், அவள் தோள் அசைவைப் பார்த்து மற்றவர்கள் கால் எடுத்து வைத்தார்கள். கதவோடு ஒட்டி, சாம்பல் நிறக் குன்று ஒன்று மூச்சு விட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது. அது அசையவில்லை. தனியாக ஏதோ வருகிறது என்று காத்திருந்தது.

குரோவல் கதவுக்கு முன்னால் அகலமான ஒரு பாறைத்தட்டு உண்டு. ஊர்க்காரர்கள் அதை முரசுப் பாறை என்பார்கள். அதன் அடியில் மலை வெறுமையாக இருக்கிறது. அதன்மேல் நடக்கும்போது குள்ளர்கள் சேர்ந்து நடப்பதில்லை. கைகோத்து வருகிறவர்களும் கையை விட்டுவிட்டு, அவரவர் வேகத்தில், காலை முன்னும் பின்னுமாக வைத்துச் சிதறி நடப்பார்கள். இப்படி நட என்று அங்கே யாரும் யாருக்கும் சொல்வதில்லை. பாறை அதிரத் தொடங்கினால் பாதத்துக்குத் தெரியும்; பாதம் தன் போக்கை மாற்றிக்கொள்ளும். வாழ்நாள் முழுவதும் அப்படியே நடந்து பழகிய தாக்ரிக்கு, அது ஒரு வழக்கம் என்பதே நினைவில் இல்லை. அன்றைக்கு அவருடைய பாதத்துக்கும் பாறைக்கும் நடுவே இரண்டு முழ நீளத்துக்குப் பூர்ச்ச மரம் இருந்தது.

நால்வரும் பிசகின்றி அடிவைத்தார்கள். பாறை முனகியது. அடுத்த அடிக்கு விம்மியது. அதற்கடுத்த அடிக்கு, தட்டின்மேல் கிடந்த சிறுகற்கள் எல்லாம் நெல் பொரிவதுபோல் துள்ளின. ஸிக்னா கையை உயர்த்துவதற்குள் மலை முழுவதும் முரசாகிவிட்டது.

சாம்பலி எழுந்தது.

எய்வின் கேடயத்தோடு முன்னே பாய்ந்ததால்தான் மற்றவர்கள் பிழைத்தார்கள். நெருப்பு கேடயத்தின் தோலைத் தின்று அவனுடைய இடக்கையைத் தொட்டது. தாக்ரி கட்டைக்காலோடு சாய்ந்து விழுந்தார். உள்ளங்கைகள் பாறையில் பதிந்தன. அந்தக் கணத்தில், கைகளின் வழியே, அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஓர்ம் அவருடைய பட்டையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடினான். ஓடும்போதும் அந்த மூவருடைய கால்களும் ஒன்றாகவே விழுந்தன. பாறை அவர்களுக்குப் பின்னால் விடாமல் முழங்கிக்கொண்டே வந்தது. சாம்பலி துரத்தவில்லை; கதவின் கதகதப்பை விட மனமில்லாமல் மறுபடி படுத்துக்கொண்டது.

முகாமில் ஸிக்னா எய்வினுடைய கைக்குக் கரடிக்கொழுப்பு தடவிக் கட்டுப்போட்டாள். ஓர்ம் ஈட்டியைத் தரையில் வீசினான்.

"கட்டைக்கால்! கட்டைக்கால்னு அப்பவே சொன்னேன்! அந்த மரச்சத்தம்தான் அவளை எழுப்பிருச்சு."

"நீங்க ஒண்ணும் சொல்லல. நல்லா இருக்குன்னு தட்டிக்கொடுத்தீங்க" என்றான் எய்வின், பல்லைக் கடித்தபடி.

"நீ கையைப் பாருடா."

ஸிக்னா நிமிராமலே சொன்னாள்: "காலையில கீழே எறங்குறோம். பெரும்பனி வந்தா இவனைத் தூக்கிக்கிட்டு எறங்க முடியாது. பெரியவரே, மன்னிச்சுக்கோங்க."

தாக்ரி மலையுச்சியைப் பார்த்தார். ஒரே ஒரு புகை நின்றது. ஊர் முழுவதற்கும் ஒரே அடுப்பு. பிறகு அவர் கட்டைக்கால்களை அவிழ்த்தார். கோடரியால் பிளந்து, வாற்கோதுமைக் கூழ்ப் பானையின் அடியில் செருகினார்.

"என்ன பெருசு பண்றே?"

"கூழு வேக வேணாமா?" என்றார். சுடர் பற்றும்வரை காத்திருந்துவிட்டுப் பேசினார். "தப்பு என்னுதுதான், ஓர்ம். ஆனா நீ நெனைக்கிற தப்பு இல்ல. கட்டை சத்தம் போடல. ரொம்ப ஒழுங்கா நடந்துச்சு. அந்தப் பாறை அடியில ஒண்ணுமே இல்ல. நாலு பேரு சேந்து மிதிச்சா அது பேசும். வெறுங்கால்ல வந்திருந்தா மொத அடியிலயே எனக்குத் தெரிஞ்சிருக்கும். உங்க கால வாங்கி மாட்டிக்கிட்டு வந்தேன். என் காலு ஊமையாப் போச்சு."

"அப்ப எப்படித்தான் அதுமேல நடக்கறது?" என்று கேட்டாள் ஸிக்னா.

"எங்க ஊருல நடக்கற மாதிரி. செதறி."

"செதறி நடந்தா நாலு பேரு வர்றது தெரிஞ்சிடுமே."

"மத்த எடத்துல தெரியும் தாயி. அந்தக் கணவாய்க்குள்ள தெரியாது. அங்க நெடுக, அந்தப் பாறை மேலயும், நாள் முழுக்கச் சரளை உதிர்ந்துக்கிட்டே இருக்கு. சரளை உதிர்றதுக்கெல்லாம் அவ எந்திரிச்சா அவளுக்குத் தூக்கமே கெடையாது. வேணும்னா காதை வெச்சுக் கேளு."

முகாமுக்கு மேலே ஒரு சரிவு இருந்தது. தாக்ரி வெறுங்காலோடு அதில் ஏறினார். ஸிக்னா அடிப்பாறையில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். கல் உதிரும் ஓசை வந்தது, நின்றது, மறுபடி வந்தது. "எப்ப நடக்கப் போறீங்க?" என்று கேட்டுக் கண்ணைத் திறந்தபோது, தாக்ரி அவளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

ஸிக்னா எழுந்து உடையிலிருந்த பனியைத் தட்டினாள். "எங்களுக்கு வருமா?" என்று மட்டும் கேட்டாள்.

வரவில்லை. மூவரையும் ஒரே வரிசையில் விட்டால் மூன்றாவது அடிக்குள் கால்கள் சேர்ந்துகொண்டன. தள்ளித் தள்ளி நடக்கச் சொன்னார் தாக்ரி, சேர்ந்துகொண்டன. ஆளுக்கொரு பாட்டை மனதுக்குள் பாடச் சொன்னார். சிறிது நேரத்தில் மூவரும் ஓர்முடைய குடிப்பாட்டுக்கே நடந்தார்கள்.

"யோவ், குடிகாரன் மூணு பேரு நடந்தாக்கூட வேற வேற மாதிரி தள்ளாடுவான்!" என்று தாக்ரி கத்தினார். "உங்களைப் பெத்தாங்களா, ஒரே மரத்துல செதுக்குனாங்களா?"

முடிவில் அவர் ஒரு கூழாங்கல்லை எடுத்து ஓர்மிடம் நீட்டினார். "வலது பூட்ஸுக்குள்ள போடு."

"எதுக்கு?"

"நீ நொண்டுறதப் பாக்கணும்னு ஆசை."

ஓர்ம் முணுமுணுத்துக்கொண்டே போட்டுக்கொண்டான். ஸிக்னா தன் இடது காலணியின் குதிகாலைக் கழற்றி எறிந்தாள். எய்வினுக்கு எதுவும் தேவைப்படவில்லை. வலியே அவனுடைய நடையைக் குலைத்துவிட்டிருந்தது. இம்முறை கால்கள் சேரவில்லை.

"சரி, கிட்டப் போயிடலாம்" என்றாள் ஸிக்னா. "அவ தலையைத் தூக்கலேன்னா நீங்க எங்க குத்துவீங்க?"

கூழைக் குடித்துக்கொண்டிருந்த ஓர்ம்தான் வாயைத் துடைத்துவிட்டுச் சொன்னான்: "எங்க நடை அவளுக்கு இப்ப பழகிருச்சு. அதைக் கேக்கணும்னுதான் தாடையைக் கீழ வெச்சுக் காத்துக்கிட்டிருப்பா. பெருசு பக்கத்துல போய் நின்னதும், நாங்க மூணு பேரும் சேந்து மிதிக்கிறோம். கேக்கட்டும்."

"பாறை தாங்குமா?" என்று எய்வின் தாக்ரியைப் பார்த்தான்.

"தெரியாது. எங்க ஊருல யாரும் மிதிச்சுப் பாத்ததில்ல."

"அப்ப நாம மிதிச்சுப் பாத்துச் சொல்லுவோம்" என்றான் ஓர்ம்.

மறுநாள் காலையில் உச்சியை மேகம் மூடியிருந்தது. அந்த ஒற்றைப் புகை இருக்கிறதா, அணைந்துவிட்டதா என்பது தெரியவில்லை. தாக்ரி ஒருமுறை பார்த்தார். இரண்டாம் முறை பார்க்கவில்லை. பூட்ஸைக் கழற்றி ஒரு கல்லின்மேல் ஜோடியாக வைத்தார். சுரங்கத்தில் பாறை பிளக்கும் உளியையும் சம்மட்டியையும் இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் நடந்தார்.

முரசுப் பாறை பனியைவிடக் குளிர்ந்திருந்தது. அவருடைய பாதங்கள் அதை அறிந்தன. அதுவும் அவற்றை அறிந்ததுபோல் பேசாமல் கிடந்தது. அவருக்குப் பின்னால் ஓர்ம் நொண்டினான், ஸிக்னா சாய்ந்து சாய்ந்து வந்தாள், எய்வின் நின்று நின்று வந்தான். அவ்வளவு அலங்கோலமான வேட்டைக்குழு அந்தக் கணவாய்க்குள் அதற்குமுன் நுழைந்ததில்லை. சாம்பலி அசையவில்லை.

பாறைத்தட்டின் நடுவில் மூவரும் நின்றுவிட்டார்கள். தாக்ரி தொடர்ந்து நடந்தார். டிராகனின் மூச்சு அவருடைய தாடியை விலக்கிப் பின் சேர்த்தது. அதன் மூடிய கண்ணிமை அவருடைய மார்பளவு இருந்தது. தாடையின் ஓரத்தில், கல்கதவுக்கும் கழுத்துக்கும் இடையிலிருந்த இடுக்கில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்று, ஒரு கையை உயர்த்தினார்.

ஓர்முடைய ஈட்டி தாழ்ந்தது. மூன்று வலக்கால்கள் உயர்ந்தன.

முதல் மிதிக்குப் பாறை முனகியது. இரண்டாவதற்கு விம்மியது. மூன்றாவதற்குக் கண்ணிமை திறந்தது. நான்காவதற்குச் சாம்பலி தலையைத் தூக்கி, தான் காத்திருந்த அந்த ஓசையை நோக்கித் திரும்பியது. நெருப்புக்காக மூச்சை இழுத்தது. தொண்டை உட்பக்கமாகச் சிவந்து ஒளிர்ந்தது. அந்த ஒளியில், செதிலற்ற உள்ளங்கை அளவு இடம் தாக்ரியின் தலைக்கு நேர்மேலே தெரிந்தது.

அவர் குனியவும் இல்லை, மண்டியிடவும் இல்லை. நின்ற நிலையில் உளியை வைத்துச் சம்மட்டியால் அடித்தார். உளி செதில் விளிம்பில் வழுக்கியது. வாழ்நாளெல்லாம் குறி தவறாதவர் தவறவிட்டார். தொண்டையின் சிவப்பு மஞ்சளாயிற்று. எதிரே மூவரும் ஓடவில்லை. அது இன்னும் தங்கள் பக்கமே பார்க்க வேண்டும் என்று, விரிசல் விடத் தொடங்கிய பாறையின்மேல் இன்னொரு முறை சேர்ந்து மிதித்தார்கள். தாக்ரி உளியை மறுபடி வைத்தார், அடித்தார், உளியின் தலை உள்ளே போகும்வரை அடித்தார்.

நெருப்பு வாய்வழியே வராமல் கழுத்தின் உள்ளேயே வெடித்தது. குன்று போன்ற தலை கீழே வந்தது. அதே நேரத்தில் பாறைத்தட்டின் ஒரு மூலை பெயர்ந்து இருளுக்குள் போயிற்று. மூவரும் ஆளுக்கொரு பக்கமாகப் பாய்ந்து தப்பினார்கள். குழுவாகச் சேர்ந்ததிலிருந்து அவர்கள் மூவரும் தனித்தனியாக ஓடியது அன்றுதான்.

"பெருசு! டேய் பெருசு!" ஓர்ம் கத்திக்கொண்டே தலையின் பக்கம் ஓடினான்.

"கத்தாதடா, காது கேக்குது" என்று தாடைக்கடியிலிருந்து பதில் வந்தது. "வலது காலு மாட்டிக்கிச்சு. நெம்புகோல் ஏதாச்சும் கொண்டா."

அவர்கள் ஈட்டியை நெம்புகோலாக்கிப் போராடிக்கொண்டிருந்தபோது, தாக்ரி படுத்தபடியே கையை நீட்டினார். கல்கதவு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சம்மட்டியால் தட்டினார்; சற்று நிறுத்தி, மறுபடி தட்டினார். சுரங்கத்தில் சரிவு நேர்ந்தால், உயிரோடு இருக்கிறேன் என்று தெரிவிக்கும் தட்டு அது.

கதவு பேசாமல் இருந்தது. தாக்ரி மூன்றாம் முறையும் தட்டினார். ஓர்ம் நெம்புவதை நிறுத்திவிட்டான்.

உள்ளேயிருந்து, மெதுவாக, அதே தட்டு திரும்பி வந்தது.

கதவு திறக்க வெகுநேரமாயிற்று. தள்ளுகிறவர்களின் கைகளில் அவ்வளவு வலுவில்லை. முதலில் வெளியே வந்தவள் மேரா. கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாக இருந்தாள். கிடக்கும் டிராகனைப் பார்த்தாள். அதன் தாடைக்கடியில் கிடக்கும் கணவனைப் பார்த்தாள்.

"மான் அடிச்சுக்கிட்டு சாயங்காலம் வந்துடறேன்னு சொல்லிட்டுப் போன மனுசன்" என்றாள். "இதுதான் மானா?"

"வழியில கொஞ்சம் நேரமாயிருச்சு" என்றார் தாக்ரி. அவள் அங்கேயே உட்கார்ந்து அவருடைய தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

வலது பாதம் நசுங்கியிருந்தது. கம்பு ஊன்றாமல் இனி நடக்க முடியாது என்று ஊர் வைத்தியர் சொன்னபோது ஓர்ம்தான் முதலில் பேசினான்: "அந்தக் கட்டைக்கால எரிச்சிருக்கக் கூடாது பெருசு."

"கூழு நல்லாத்தானே இருந்துச்சு?"

அன்று மாலைக்குள் தானிய மூட்டைகள் கணவாய்க்குள் வரத் தொடங்கின. சுமக்கத் தெம்பிருந்த குள்ளர்கள் எல்லாரும் சுமந்தார்கள். ஸிக்னாவும் ஓர்மும் சுமந்தார்கள். எய்வின் ஒற்றைக் கையால் சுமந்தான். முரசுப் பாறையின் எஞ்சிய பகுதியை எட்டியதும், பழக்கத்தின் கொடுமையால், நெட்டையர் மூவருடைய கால்களும் மறுபடி ஒன்றுசேர்ந்தன. பாறை முனகியது. முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்த குரோவல்காரர்கள் ஒரே குரலில் அலறினார்கள்.

"கால மாத்துங்கய்யா! ஊரையே கவுத்துருவீங்க போலிருக்கே!"

ஓர்ம் மூட்டையை இறக்கி வைத்தான். சட்டைப் பையிலிருந்து அந்தக் கூழாங்கல்லை எடுத்து, யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வலது பூட்ஸுக்குள் போட்டுக்கொண்டான். மூட்டையைத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி நடந்தான்.

வாசலில் கம்பின்மேல் சாய்ந்து நின்ற தாக்ரி அதைப் பார்த்தார். பார்க்காததுபோல் முகத்தை உச்சிப்பக்கம் திருப்பிக்கொண்டார். மேகம் விலகியிருந்தது. ஒற்றைப் புகைக்குப் பக்கத்தில் இரண்டாவது புகை எழுந்துகொண்டிருந்தது. சற்றுத் தள்ளி இன்னொன்று.